வெயிலில் நிற்கும் வண்டி: ஒரு காரண விசாரணை

மோட்டார் வண்டி மனிதனுக்கு வாகனமாகி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், பட்டறைகளில் இன்னும் ஒருமித்த விடை காணாத கேள்வி ஒன்று உண்டு. காலையில் ஒழுங்காகப் புறப்பட்ட வண்டி, கத்திரி வெயிலில் சிறிது தூரம் ஓடியதும், அல்லது சிக்னலில் சற்றே காத்து நின்றதும், திடீரென்று அணைந்துவிடுகிறது. சாவியை எத்தனை முறை திருப்பினாலும் உயிர் பெற மறுக்கிறது. அரைமணி நேரம் நிழலில் விட்டுவைத்தால் ஒரு குறையும் இல்லாதது போல மறுபடியும் ஓடுகிறது. "சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது" என்று உரிமையாளர் சொல்லும் இந்த வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில், ஒரு மெக்கானிக் பெட்ரோல் ஆவியாகிவிட்டது என்பார்; மற்றொருவர் காயில் போய்விட்டது என்பார்; மூன்றாமவர் சென்சார் என்பார். மூவரும் அனுபவசாலிகள், மூவரும் தத்தம் வைத்தியத்தால் சில வண்டிகளைக் குணப்படுத்தியவர்கள். ஆகையால் இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்பதைவிட, ஒரே அறிகுறியிலிருந்து இத்தனை சித்தாந்தங்கள் எவ்வாறு எழுந்தன, ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் யாவை என்று ஆராய்வதே பயனுடையதாகும்.

விசாரணையின் எல்லையை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நலம். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி, முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, எஞ்சின் கொதித்து நிற்பது வேறு விஷயம். அங்கே நோய் தன்னைத்தானே அறிவித்துவிடுகிறது. முள் தன் இடத்தில் நிற்க, எஞ்சின் மட்டும் நிற்பதே நாம் எடுத்துக்கொண்ட வழக்கு.

எரிபொருள் ஆவியாகிறது என்னும் பழைய விடை

இக்கேள்விக்கு எழுந்த விடைகளுள் மிகப் பழையதும், இன்றுவரை பொதுமக்களிடையே செல்வாக்கு இழக்காததும், 'வேப்பர் லாக்' என்னும் ஆவி அடைப்பே. பெட்ரோல் என்பது தண்ணீரைப்போல ஒரே உஷ்ணநிலையில் கொதிக்கும் தனிப்பொருள் அன்று. ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் தொடங்கி 200 டிகிரிக்கு மேல் வரை, வெவ்வேறு நிலைகளில் ஆவியாகும் பல திரவங்களின் கலவை. பழைய கார்களில் பெட்ரோலை இழுக்கும் பம்பு எஞ்சினின் விலாவிலேயே பொருத்தப்பட்டிருந்தது; பின்புறத்து டாங்கியிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சி எடுக்கவேண்டியிருந்ததால், இடைப்பட்ட குழாயில் அழுத்தம் குறைந்து, அழுத்தம் குறைந்த இடத்தில் கொதிநிலையும் தாழ்ந்தது. அதனால் சூடான எஞ்சினின் அருகே குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்ற, திரவத்தை இழுப்பதற்கென்றே அமைந்த பம்பு ஆவியைச் சுருக்குவதும் விரிப்பதுமாக வீணே உழைக்க, கார்புரேட்டர் வற்றிப்போய், எஞ்சின் தடுமாறி நிற்கும்.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பைச் சேர்ந்த பிரிட்ஜ்மன் போன்றோர் இதை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக்கினர். எரிபொருளின் ஆவியழுத்தத்தை 37.8 டிகிரியில், அதாவது 100 டிகிரி பாரன்ஹீட்டில், அளக்கும் 'ரீட்' முறை அக்காலத்திலிருந்தே வழக்கில் இருந்துவருகிறது. இந்தியப் பெட்ரோலுக்கான தரவரையறையிலும் ஆவி அடைப்புக் குறியெண் என்று ஓர் அளவு உண்டு: கிலோபாஸ்கல் கணக்கிலான ரீட் ஆவியழுத்தத்தைப் பத்தால் பெருக்கி, 70 டிகிரிக்குள் ஆவியாகும் பங்கின் சதவீதத்தை ஏழால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் வருவது அது; கோடைக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு மற்ற மாதங்களுக்கு உரியதைவிடத் தாழ்ந்தது. எனவே இச்சித்தாந்தத்தை வெறும் பட்டறை நம்பிக்கை என்று ஒதுக்குவதற்கில்லை.

அம்பாசடரும் பியட்டும், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஓடிய காலத்தில், நம் ஊர் மெக்கானிக்குகள் 'ஏசி பம்பு' என்று அழைத்த பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் வைத்தியம் பரவலாக இருந்தது. குளிரூட்டும் ஏசிக்கும் இப்பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கிய நிறுவனத்தின் பம்பு இது.

இச்சித்தாந்தத்தின் முதற் குறை, ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு நிலைகளை ஒரே பெயரால் அழைத்துவிடுவது. எஞ்சினை அணைத்த பிறகு குளிர்நீரோட்டமும் விசிறிக் காற்றும் நின்றுவிடுவதால், பானெட்டுக்குள் உஷ்ணம் சிறிது நேரத்திற்கு ஏறவே செய்யும். அப்போது கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் கொதித்துப் பொங்கி உள்வழியில் வழிந்துவிடுமானால், எஞ்சின் மறுபடி கிளம்பாததற்குக் காரணம் பெட்ரோல் வராதது அன்று, மிகுதியாக வந்ததே. ஒன்று பட்டினி, மற்றது அஜீரணம். பட்டினிக்குப் பம்பைக் குளிர்விக்கவேண்டும். அஜீரணத்துக்கு ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றிக் காற்றை உள்ளே விடவேண்டும். பெட்ரோல் வாசனை வீசுகிறதா என்ற எளிய கேள்வி இரண்டையும் பிரித்துவிடக்கூடும். ஆனால் அதைக் கேட்காமலே ஈரத்துணியைத் தேடியவர்கள் பலர்.

இரண்டாவது குறை காலமாற்றத்தால் வந்தது. இன்றைய பெட்ரோல் கார்களில் மின்சாரப் பம்பு டாங்கிக்குள்ளேயே மூழ்கியிருந்து, பெட்ரோலை உறிஞ்சாமல் பின்னாலிருந்து தள்ளுகிறது. பெரும்பாலான வண்டிகளில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு அளவில் அழுத்தம் நிலவும் அக்குழாயில், பெட்ரோல் எளிதில் கொதிக்காது. ஆகவே பழைய வண்டிக்குப் பொருந்திய விடையைப் புதிய வண்டிக்கும் சொல்வது பெரும்பாலும் பழக்கதோஷமே.

ஆயினும், எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த விவாதத்துக்குப் புத்துயிர் அளித்திருக்கிறது. இந்தியாவில் 10 சதவீதக் கலப்பு 2022-லும், 20 சதவீதக் கலப்பு 2025-லும் எட்டப்பட்டன. தனியே 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால், பெட்ரோலோடு சிறிதளவு சேரும்போது கலவையின் ஆவியழுத்தத்தை உயர்த்துகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் அவ்வுயர்வு 5 முதல் 10 சதவீதக் கலப்பிலேயே உச்சத்தை அடைந்து, பிறகு மெல்ல இறங்குகிறது. ஆதலால் 20 சதவீதம் 10 சதவீதத்தைவிட இருமடங்கு அபாயமானது என்று கணக்கிடுவது, ஆவியழுத்தத்தைப் பொறுத்தவரை, தவறாகும்.

தீப்பொறியே காரணம் என்போர்

இரண்டாவது கட்சியினர் பெட்ரோலை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பார்ப்பவர்கள். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரோடு பாட்டரியால் இயங்கும் தீப்பொறி முறையையும் அமைத்த சார்லஸ் கெட்டரிங்கின் நிறுவனம் டெல்கோ. தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்டிரிபியூட்டரையே நம் மெக்கானிக்குகள் 'டெல்கோ' என்று அழைத்தது அப்பெயரின் எச்சமே. இம்முறையில் காயில், கண்டென்சர், பாயிண்ட் ஆகிய மூன்றும் உஷ்ணத்துக்கு ஆட்படுபவை. காயிலின் செப்புக் கம்பியில் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்தடை ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறினால் தடை சுமார் 23 சதவீதம் மிகுந்து, ஓடும் மின்சாரம் குறையும். காயிலில் சேரும் சக்தி மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படும். நல்ல காயில் இந்த நஷ்டத்தைத் தாங்கும். உள்ளே காப்புப் பூச்சு நைந்த காயில் தாங்காது. சூடு ஏறியதும் உயர் அழுத்த மின்சாரம் பிளக்கைச் சேராமல் உள்ளுக்குள்ளேயே குறுக்குவழி தேடிக்கொள்ளும். ஆறியதும் மறுபடி நேர்வழியில் வரும்.

இக்கட்சிக்கு வலிமை சேர்த்த பெரிய சான்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்றிலிருந்து கிடைத்தது. 1983 முதற்கொண்டு போர்ட் நிறுவனத்தார் தம் வண்டிகள் பலவற்றில் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதியை டிஸ்டிரிபியூட்டரின் உடம்பிலேயே பொருத்தினர். எஞ்சினின் சூடு அதைத் தாக்கி வண்டிகள் ஓட்டத்தில் நின்றன என்பதே வழக்கு. 2000-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் அலமீடா மாவட்ட நீதிமன்றம் சுமார் 17 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிட, மறு ஆண்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பகுதி பழுதானதா என்பதோடு, அதை எங்கே வைத்தார்கள் என்பதும் விசாரணைக்கு உரியது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

எனினும் இச்சித்தாந்தத்துக்கும் ஒரு நலிவு உண்டு. காயிலைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது, ஆகவே போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் பரவியிருந்தது. ஓடும் எஞ்சினில் காயில் சுடுவது இயல்பு. சூடு மட்டுமே குற்றத்துக்குச் சாட்சியாகாது. மறுபுறம், ஆறிய காயிலை மீட்டரால் அளந்து, அளவு சரியாயிருக்கிறது, ஆகவே காயில் நல்லது என்று விடுவிப்பதும் அதே அளவு பிழையானது. குற்றம் நிகழும் நேரத்தில் அங்கே மீட்டர் இல்லை.

மின்னணுக் காலத்து விடைகள்

கார்புரேட்டரும் பாயிண்ட்டும் மறைந்து, கணினி பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒருங்கே ஆளத் தொடங்கியபோது, பழைய இரு கட்சிகளும் அழியவில்லை. இரண்டும் ஒன்றின் கீழ் வந்தன. கிராங்க் சுழலும் நிலையைக் கணினிக்கு அறிவிக்கும் கிராங்க் சென்சார் எஞ்சினின் அடிப்பாகத்தில் சூட்டினிடையே வாழ்கிறது. அதனுள்ளிருக்கும் நுண்ணிய கம்பிச்சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விடுமானால், எஞ்சின் சுழல்வதே கணினிக்குத் தெரியாமல் போய், பெட்ரோலும் தீப்பொறியும் ஒரே கணத்தில் நிறுத்தப்படும். அதனால் இவ்வகையில் எஞ்சின் தடுமாறுவதில்லை. சாவியை மூடியது போலச் சட்டென்று அணைகிறது.

மெயின் ரிலே மற்றொரு சந்தேக நபர். 1980-களிலும் 1990-களிலும் வந்த ஹோண்டா கார்களில், பம்புக்கு மின்சாரம் தரும் ரிலேயின் ஈயப் பற்று விரிசல் கண்டு, வெயிலில் நிறுத்திய வண்டி கிளம்பாமல் போவது பட்டறைகளில் பேர்பெற்ற குறை. இங்கே சூடு எஞ்சினிலிருந்து வருவதன்று; மூடிய காருக்குள் வெயிலே ரிலேயைக் காய்ச்சிவிடுகிறது. இவ்வொரு வேறுபாட்டைக் கவனியாதவர் எஞ்சினைச் சுற்றியே தேடி நாளைக் கழிப்பர்.

டாங்கிக்குள்ளிருக்கும் பம்பும் குற்றத்திலிருந்து விலக்குப் பெற்றதன்று. தன்னைச் சூழ்ந்த பெட்ரோலாலேயே குளிர்ச்சி பெறும் அதன் மோட்டார், தேய்ந்த நிலையில், டாங்கி ஏறக்குறையக் காலியாக இருக்கும் கோடைப் பிற்பகலில் நின்றுவிடக்கூடும். பம்பின் உள்சக்கரம் பழுதுபட்டிருக்கலாம் என்ற காரணத்தால் ஹோண்டா நிறுவனத்தார் இந்தியாவில் 2020-ல் 65,651 வண்டிகளையும், 2021-ல் 77,954 வண்டிகளையும் திரும்ப அழைத்தனர். எனவே வெயிலில் பெட்ரோல் வராமற்போனது என்ற உண்மையிலிருந்து பெட்ரோல் ஆவியானது என்ற முடிவுக்குத் தாவ முடியாது.

மின்னணுக் கட்சியின் நம்பிக்கைக்குரிய ஆயுதம் ஸ்கேனர். இந்தியாவில் வண்டிக்குள்ளேயே பழுதைப் பதிந்துவைக்கும் முறையின் முதல் நிலை 2010-லும், இரண்டாம் நிலை 2013-லும் கட்டாயமாயின. பி0335 என்று குறியெண் வந்தால் கிராங்க் சென்சாரை மாற்றிவிடுவது பொது வழக்கம். ஆனால் அக்குறியெண் சென்சாரின் மின்சுற்றில் குறை என்று மட்டுமே சொல்கிறது. சென்சாரா, ஒயரா, கனெக்டரா என்று அது சொல்வதில்லை. கணப்பொழுது தோன்றி மறையும் குறை பதிவாகாமலே போவதும் உண்டு. குறியெண் இல்லாமை குறை இல்லாமைக்கு அத்தாட்சியன்று.

சிறு காரணங்களும் டீசலின் தனி வழக்கும்

வேறு சில விடைகளைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். காற்று 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைகிறது. இதனோடு ஏசி கம்ப்ரஸரின் பாரமும் சேரும்போது, ஐட்லிங்கைக் காக்கும் வால்வில் கரி படிந்த எஞ்சின் சிக்னலில் அணையலாம். ஆயினும் அது உடனே மறுபடி கிளம்பிவிடும். அரைமணி நேரம் பிடிவாதம் செய்யாது. டாங்கியின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், கோடையில் மிகுதியாகும் ஆவி கலவையைக் கெடுக்கும். டாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்ட பழைய வண்டியோ, வெயிலானாலும் மழையானாலும், குறிப்பிட்ட தூரம் ஓடியதும் நிற்கும். கோடையில் கவனித்தவர் வெயிலைக் குற்றம் சொல்வது, காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. எளிதில் ஆவியாகும் எரிபொருளும் இல்லை. இருந்தும் அதுவும் சூட்டில் கிளம்ப மறுப்பதுண்டு என்பது இவ்விசாரணைக்கு முக்கியமான செய்தி. சூடேறிய டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த பம்பின் நுண்ணிய இடைவெளிகளில் கசிந்து, ஸ்டார்ட்டரின் மெதுவான சுழற்சியில் போதிய அழுத்தம் எழாமல் போகிறது. பழைய ரோட்டரி பம்பின்மேல் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பும் டிரைவரின் வைத்தியம், வெளிப்பார்வைக்கு ஏசி பம்பின் ஈரத்துணி வைத்தியத்தையே ஒத்தது. தத்துவமோ முற்றிலும் வேறு. அங்கே ஆவியைத் திரவமாக்கினார்கள். இங்கே நீர்த்த திரவத்தைத் தடிக்கவைக்கிறார்கள். ஒரே சிகிச்சைக்கு இரண்டு நோய்கள் இணங்குமானால், சிகிச்சை பலித்தது என்பதைக்கொண்டு நோயின் பெயரைச் சொல்வது எங்ஙனம்?

பரீட்சை முறைகளின் தராதரம்

இவ்விடத்தில்தான் எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான பிழை வெளிப்படுகிறது. ஒன்று உள்ளபோது விளைவு உண்டு, அது இல்லாதபோது விளைவு இல்லை என்று காட்டுவதைத் தர்க்க சாஸ்திரிகள் அன்வயம், வியதிரேகம் என்று சொல்லுவர். சூடு உள்ளபோது நிற்கிறது, சூடு இல்லாதபோது ஓடுகிறது என்பதில் இரண்டும் பூர்த்தியாவது போலத் தோன்றும். ஆனால் ஆவியான பெட்ரோலும் ஆறினால் திரவமாகிறது. விரிந்த கம்பியும் ஆறினால் ஒட்டுகிறது. விரிசல் கண்ட ஈயமும் ஆறினால் சேர்கிறது. நீர்த்த டீசலும் ஆறினால் தடிக்கிறது. அதாவது, ஆறியதும் ஓடியது என்ற உண்மை எல்லாக் கட்சிகளுக்கும் சமமாகச் சாட்சி சொல்லுகிறது. ஆகவே எந்தக் கட்சிக்கும் தனிச்சாட்சி ஆகாது. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று நம் சாத்திரங்கள் பகுத்தது போலப் பகுத்தால், வெயில் இங்கே துணைக்காரணமே. நைந்த கம்பியோ, தேய்ந்த பம்போ, தவறாகப் போன குழாயோ முதற்காரணம். கட்சிகள் பலவும் துணைக்காரணத்தைக் கண்ட திருப்தியில் முதற்காரணத்தை ஊகித்துவிடுகின்றன.

வனிலா ஐஸ்கிரீம் வாங்கினால் மட்டும் கிளம்ப மறுத்த கார் என்று உலகெங்கும் சொல்லப்பட்டுவரும் ஒரு கதை உண்டு. வனிலா கடையின் முகப்பிலேயே விரைவில் கிடைத்ததால் எஞ்சின் ஆற நேரமில்லை, ஆகவே ஆவி அடைப்பு என்று விசாரிக்க வந்த பொறியாளர் ஒருவர் முடிவு கட்டுவதோடு கதை முடியும். ஐஸ்கிரீமிலிருந்து காலத்துக்கு வந்தவரையில் அந்தப் பொறியாளரின் அனுமானம் போற்றத்தக்கது. காலத்திலிருந்து ஆவி அடைப்புக்கு வந்த கடைசி அடிக்குக் கதையில் சான்றே இல்லை. காயில் ஆறுவதற்கும் அதே நேரம் பிடித்திருக்கலாம்.

பட்டறையில் அதிகம் வழங்கும் பரீட்சை, பகுதியை மாற்றிப் பார்ப்பது. இதிலும் இரு மயக்கங்கள் உண்டு. புதுப் பகுதி போட்ட வாரத்தில் மழை பெய்து வெயில் தணிந்தால், குணம் மழையினுடையதா பகுதியினுடையதா என்று தெரியாது. பழைய பகுதியைக் கழற்றும்போது கனெக்டரைப் பிடுங்கிச் செருகுவதாலேயே அதன் துரு உராய்ந்து தொடர்பு சரியாகிவிடுவதும் உண்டு. ஹேர் டிரையரால் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கிக் குறையை வேண்டுமென்றே வரவழைப்பது இதைவிட மேலான முறை. காலத்தையும் சூட்டையும் அது பிரித்துவிடுகிறது. அதற்கும் எல்லை உண்டு: எஞ்சினின் அதிர்வும் ஓட்டத்தின் பாரமும் பட்டறை மேசையில் கிடைப்பதில்லை.

எல்லாவற்றிலும் மேலான சாட்சி, நின்ற கணத்தில் நேரே கண்ட பிரத்தியட்சமே. கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற பட்டறையின் பழைய இரு கேள்விகள் இன்றும் மாறவில்லை. அவற்றை ஆறிய பிறகு கேட்பதே தவறு. நின்றவுடன் பிரஷர் கேஜில் அழுத்தம் இருந்து தீப்பொறி இல்லையானால் ஆவிக் கட்சி தோற்றது. தீப்பொறி இருந்து அழுத்தம் இல்லையானால் காயில் கட்சி தோற்றது. தீப்பொறியோடு இன்ஜெக்டரின் இயக்கமும் நின்றிருந்தால் கிராங்க் சென்சாரின்மேலும் ரிலேயின்மேலும் சந்தேகம் வலுக்கும்.

தீராமல் நிற்பவை

இத்தனைக்கும் பிறகு சில விஷயங்கள் முடிவு பெறாமலே நிற்கின்றன. கார்புரேட்டர் காலத்து வண்டிகள் எத்தனால் மிகுந்த பெட்ரோலில் நம் கோடையை எப்படிக் கடக்கும் என்பது, வண்டிக்கு வண்டி, குழாய்க்குக் குழாய் வேறுபடக்கூடியது. பொதுத் தீர்ப்புக்கு இடமில்லை. குறியெண் பதியாமல் மறையும் மின்னணுக் குறைகளுக்கு ஸ்கேனர் மட்டும் போதாது என்பது தெளிவு. அதற்கு மேல் எவ்வளவு நேரமும் செலவும் நியாயம் என்பது ஒவ்வொரு வண்டியின் மதிப்பையும் பொறுத்தது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய நாளில் தாரின்மேல் நிற்கும் காரின் பானெட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகள் ஒரே சமயத்தில் தளர்வதும் சாத்தியமே. அப்போது ஒரே காரணத்தைத் தேடும் நம் பழக்கமே தவறான வழியாகிவிடும்.

வயதான வண்டியில் ஆவியையும் காயிலையும், புதிய வண்டியில் சென்சாரையும் ரிலேயையும் பம்பையும் முதலில் சந்தேகிப்பது நியாயமே; ஆனால் சந்தேகம் தீர்ப்பு ஆகாது. வண்டி நின்றால் பாதுகாப்பான ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, அது தடுமாறி நின்றதா சட்டென்று அணைந்ததா, பெட்ரோல் வாசனை வந்ததா, டாங்கியில் எவ்வளவு இருந்தது, எத்தனை நிமிஷம் கழித்துக் கிளம்பியது என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போகும் உரிமையாளர், தம் மெக்கானிக்குக் கருவிகளால் கிடைக்காத சாட்சியத்தைக் கொடுக்கிறார். அந்தத் தாளைப் படிக்காமல் பகுதியை மாற்றத் தொடங்கும் பட்டறையை விட்டு வேறு பட்டறைக்குச் செல்வதே விவேகம்.